கற்பனைக் கதைகள் தரும் ஆறுதல்

முன்னுரை

"கதைப் புத்தகத்தைக் கீழே வை, பாடப் புத்தகத்தைக் கையில் எடு" என்னும் அதட்டலைக் கேளாத மாணவி நம்மில் ஒருத்தியும் இருக்க மாட்டாள். அதிலும் நாம் படிப்பது இளவரசனும் இளவரசியும், மந்திரக் குதிரையும் மாயத் தீவும் நிறைந்த காதற் கதையாக இருந்துவிட்டால் அதட்டல் இரு மடங்காகும். "ஊரில் இல்லாததையெல்லாம் படித்து என்ன காணப் போகிறாய்?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. இதற்கு நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வது அழகன்று; யோசித்து விடை சொல்வதே முறை. அத்தகைய கதைகளில் நாம் தேடும் ஆறுதல் எத்தகையது, அது எப்போது நமக்கு நன்மை, எப்போது தீமை என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

எதை மறக்கப் படிக்கிறோம்?

நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். எளாவூர் ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே சென்றால் பழவேற்காட்டு ஏரியின் கரை வந்துவிடும். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. முகத்துவாரம் திறந்து கடல்நீர் உள்ளே வந்தால் இறாலும் மீனும் உண்டு. மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால் வலையில் ஒன்றும் இராது. எல்லாரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வலை போட்டால் சண்டை வரும் என்பதால், முன்னோர் 'பாடு' என்னும் முறையை ஏற்படுத்தினார்கள். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது அது. தமிழில் 'பாடு' என்றால் துன்பம் என்றும் பொருள் உண்டு. தபசு காலத்தில் நாம் ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கிறோம். ஏரிக்கரைக் குடும்பங்களுக்கு இவ்விரண்டு பொருளும் நன்றாகத் தெரியும்.

அப்பா தண்ணீரில் இருக்கும்போது காற்று திரும்பினால் வீட்டில் யாருக்கும் பேச்சு எழாது. அம்மா மீன் கூடையோடு விடியுமுன் புறப்பட்டுவிட்டால், தம்பி தங்கையரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுவது மூத்த பெண்ணின் வேலை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் "போதும், இனி வீட்டைப் பார்" என்று சொல்லிவிடுவார்களோ என்னும் அச்சம் பல பெண்களின் நெஞ்சில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒரு பெண் வேலையெல்லாம் முடித்து, இரவில் அரை மணி நேரம் ஒரு கதையில் மூழ்குகிறாள். அங்கே சூனியக்காரி தோற்கிறாள், பிரிந்தவர்கள் கூடுகிறார்கள், இழந்த நாடு திரும்பக் கிடைக்கிறது. மறுநாள் விடியும்போது ஏரி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த அரை மணி நேரம் அவளுக்குச் சொந்தமாக இருந்தது. அவள் தேடிய ஆறுதல் இதுவே. இதை அற்பம் என்று தள்ளிவிடக் கூடாது.

ஒரு தாயும் மகளும்

பழவேற்காட்டில் உள்ள மகிமை மாதா திருத்தலம் 1515ஆம் ஆண்டில் தோன்றியதாகச் சொல்வார்கள். அதே 1515ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு அவிலா நகரில் தெரேசா என்னும் குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் கார்மேல் சபையைச் சீர்திருத்திய புனித தெரேசம்மாள் இவரே. 1970ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி இவர்.

அக்காலத்து ஸ்பெயினில் வீரதீரக் காதற் கதைகள் வீடுதோறும் பரவியிருந்தன. குதிரை வீரர்கள், மந்திரவாதிகள், அரக்கர்கள், கோட்டையில் சிறைப்பட்ட அழகிகள் என்று அவை விரியும். தெரேசாவின் தாயார் பெயாத்ரிசுக்கு இக்கதைகளில் மிகுந்த விருப்பம். மகள் தம் வாழ்க்கை வரலாற்றில் இதனை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தாயார் நோயாளி, பல பிள்ளைகளைப் பெற்றவர், 33ஆம் வயதில் இறந்தவர். தம் பெருந்துன்பங்களை நினையாதிருப்பதற்காகவே அவர் அக்கதைகளைப் படித்திருக்கலாம் என்று மகள் பரிவோடு குறிப்பிடுகிறார். அதனால் தாயார் தம் கடமையில் குறைவு வைக்கவில்லை என்றும் சொல்கிறார்.

ஆனால் தம்மைப் பற்றிச் சொல்லும்போது புனிதையின் குரல் மாறுகிறது. தந்தைக்கு இக்கதைகள் பிடிக்காது. ஆகவே அவருக்குத் தெரியாமல் படிக்க வேண்டியதாயிற்று. பகலிலும் இரவிலும் பல மணி நேரம் இதிலேயே கழிந்தது. புதிய புத்தகம் ஒன்று கையில் இல்லாவிட்டால் மனம் நிறைவு கொள்ளாது என்னும் நிலை வந்தது. அதன்பின் ஆடை அலங்காரத்தில் நாட்டம் மிகுந்தது; நல்ல எண்ணங்கள் குளிர்ந்தன.

தோழியரே, இங்கே நன்கு கவனியுங்கள். புத்தகம் ஒன்றே, படித்தவர் இருவர். தாய்க்கு அது சுமையைச் சற்று இறக்கி வைத்து மூச்சு வாங்கும் திண்ணை. மகளுக்கோ வீடு திரும்ப மனமில்லாமல் செய்த சந்தை. ஆகவே புத்தகத்தின் பெயரை மட்டும் பார்த்து நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. தெரேசா சிறுவயதில் தம் சகோதரரோடு சேர்ந்து அத்தகைய கதை ஒன்றைத் தாமே எழுதினார் என்று அவர் காலத்தை ஒட்டி வாழ்ந்த வரலாற்றாசிரியர் ஒருவர் குறித்திருக்கிறார். 1577ஆம் ஆண்டில் தம் 62ஆம் வயதில் செபத்தைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். அதில் மனித ஆன்மாவை ஏழு உறைவிடங்கள் கொண்ட ஒரு கோட்டையாகவும், நடு மாளிகையில் அரசர் வீற்றிருப்பதாகவும் உருவகித்தார். சிறுவயதில் கதைகளில் கண்ட கோட்டைகள் வீண் போகவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

நோய்ப்படுக்கையில் கிடைத்த அளவுகோல்

அதே ஸ்பெயின் நாட்டில் 1521ஆம் ஆண்டு மே மாதம் பாம்ப்லோனா கோட்டைப் போரில் ஒரு வீரரின் காலைப் பீரங்கிக் குண்டு முறித்தது. லொயோலா ஊர்க் கோட்டைக்கு அவரைத் தூக்கி வந்து கிடத்தினார்கள். பொழுது போகாமல் அவர் வீரதீரக் காதற் கதைகளைக் கேட்டார். அந்த வீட்டில் அப்படி ஒரு புத்தகம் கூட அகப்படவில்லை! கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறுமே கிடைத்தன. வேறு வழியின்றி அவற்றைப் படித்தார். அவரே பின்னர் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். 1542ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து முத்துக்குளித்துறை மீனவரிடையே உழைத்த புனித சவேரியார் இவருடைய தோழர்.

படுக்கையில் கிடந்த இஞ்ஞாசியார் இரண்டு விதமாகக் கனவு கண்டார். உயர்குலப் பெண்மணி ஒருத்திக்காகத் தாம் செய்யப்போகும் வீரச் செயல்களைச் சில வேளை மணிக்கணக்கில் எண்ணி மகிழ்வார். புனித பிரான்சிஸ்கு செய்ததையும் புனித சாமிநாதர் செய்ததையும் தாமும் செய்தால் என்ன என்று வேறு சில வேளை எண்ணுவார். இரண்டுமே எண்ணும்போது இனித்தன. ஆனால் முதற்கனவு கலைந்தபின் மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது கனவு போனபின்னும் மகிழ்ச்சி நிலைத்தது. இந்த வேறுபாட்டை அவர் ஒருநாள் கூர்ந்து நோக்கினார். பின்னாளில் அவர் ஆன்மீகப் பயிற்சிகளில் கற்பித்த தெளிந்து தேர்தலுக்கு இதுவே வித்தாயிற்று.

நமக்கும் இதைவிட எளிய அளவுகோல் வேண்டியதில்லை. படிக்கும்போது இனிக்கிறதா என்று பார்த்தால் எல்லாக் கதையும் இனிக்கும். புத்தகத்தை மூடி அரை மணி நேரம் ஆனபின் மனம் எப்படி இருக்கிறது? தம்பியைக் கூப்பிட்டுச் சோறு போட மனம் வருகிறதா, அவன்மேல் எரிச்சல் வருகிறதா? நாளைய கணக்குப் பாடத்துக்குத் தெம்பு வந்திருக்கிறதா, எல்லாமே சலித்துப் போயிற்றா? அங்கேதான் கதையின் தரமும் தெரியும். நாம் படித்த விதமும் தெரியும்.

தமிழின் முதல் நாவலும் ஒரு கற்பனைக் கதையே

ஸ்பெயினைவிட்டு நம் நாட்டுக்கு வருவோம். தமிழில் வெளிவந்த முதல் நாவல் 'பிரதாப முதலியார் சரித்திரம்'. 1879ஆம் ஆண்டில் அச்சேறியது. இயற்றியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. இவர் கத்தோலிக்கர்; மாயூரத்தில் முன்சீப்பாக நீதி வழங்கியவர்; பெண்கல்விக்காக அக்காலத்திலேயே பாடியும் எழுதியும் வாதாடியவர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளை வாரி வழங்கிக் கஞ்சி ஊற்றியவர். பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டு அவர் தமிழருக்குக் கொடுத்த புத்தகமோ சிரிப்பும் காதலும் அதிசயங்களும் நிறைந்த கதை!

அதன் நாயகி ஞானாம்பாள். கணவன் பிரதாபனை யானை ஒன்று காட்டிலிருந்து எங்கோ தூக்கிச் சென்றுவிடுகிறது. ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு அவனைத் தேடிப் புறப்படுகிறாள். அரசனை இழந்த விக்கிரமபுரியில் பட்டத்து யானை அவள் கழுத்தில் மாலையிட, அவளே அந்நாட்டின் அரசனாகிறாள், நீதியோடு ஆள்கிறாள். நாட்டில் நடக்கக்கூடிய கதையா இது? இல்லை. ஆனால் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று பலரும் கேட்ட காலத்தில், படித்த பெண் ஒரு நாட்டையே ஆள்வாள் என்பதை மேடைப் பேச்சாகச் சொன்னால் யார் கேட்டிருப்பார்கள்? கதை என்பதால் வீட்டுக்குள் நுழைந்தது. ஆறுதலாக வந்த கற்பனை, படித்தவர் மனத்தில் ஒரு நினைப்பையும் விட்டுச் சென்றது.

கதை எழுதிய பெண்களையும் மறக்க வேண்டாம். 1901ஆம் ஆண்டில் பிறந்த வை. மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிக்கூடம் போனதில்லை. சிறுபிள்ளையாக இருக்கும்போதே மணமுடித்துக் கொடுக்கப்பட்டவர். சரியாக எழுதத் தெரியாத காலத்தில் தாம் மனத்தில் கட்டிய 'இந்திர மோகனா' என்னும் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் சொல்லி எழுதுவித்தார். பிறகு 'ஜகன்மோகினி' என்னும் பத்திரிகையைத் தாமே நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். காதற் கதைகளும் மர்மக் கதைகளும் எழுதிய அதே அம்மையார் சுதந்திரப் போராட்டத்தில் சிறையும் சென்றார். கற்பனையில் மூழ்கியவர் நாட்டு நடப்பை மறந்துவிடுவார் என்பது எல்லாருக்கும் பொருந்தாது.

பூங்குழலியின் படகு

நம் கரையோரத்துப் பெண்களுக்கு மிகவும் நெருங்கிய கதாபாத்திரம் ஒன்று உண்டு. கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் வரும் பூங்குழலி அவள். வாரந்தோறும் வந்த பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனையோ. 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாகத் திரைப்படமாகவும் வந்ததால் புத்தகத்தைப் படியாதவரும் அவளை அறிவார்கள்.

பூங்குழலி கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள். தனியாகப் படகு வலித்துக் கடலில் போகிறவள். வந்தியத்தேவனை ஈழத்துக்கு ஏற்றிச் செல்கிறாள். புயலில் சிக்கிய இளவரசரை மீட்கிறாள். நம் ஏரிக்கரையில் படகேறி வலை போடுவது ஆண்களின் வேலை. பாட்டு முறையில் இடம் பெறுகிறவர்களும் ஆண்களே. இருளர் குலப் பெண்கள் சேற்றில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். மற்றப் பெண்கள் மீனை விற்பார்கள், கருவாடு போடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஒரு பெண் பூங்குழலியைப் படிக்கும்போது, துடுப்பைத் தானே பிடித்ததுபோல் உணர்கிறாள். அதில் பெரிய மகிழ்ச்சி இருக்கிறது.

இங்கே ஒரு பாடமும் இருக்கிறது. இராசராச சோழனும் குந்தவையும் வரலாற்றில் வாழ்ந்தவர்கள். குந்தவையின் கணவர் வந்தியத்தேவர் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைப் பற்றி உடையார்குடிக் கல்வெட்டு பேசுகிறது. ஆனால் நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் கற்பனை. எது கல்வெட்டு, எது கற்பனை என்று பிரித்தறியத் தெரிந்தவள் கதையையும் முழுமையாக அனுபவிப்பாள்; வரலாற்றையும் தேடிப் படிப்பாள்.

கைதியும் ஓடுகாலியும்

கற்பனைக் கதை படிப்பவர்களை 'நிஜத்தைவிட்டு ஓடுகிறவர்கள்' என்று பழிப்பதுண்டு. இதற்கு ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் நல்ல விடை சொன்னார். இவரும் கத்தோலிக்கர். பன்னிரண்டு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். 1916ஆம் ஆண்டில் சோம் போர்க்களத்தில் நின்றவர். 1939ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் புனித ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். அதில் அவர் இரண்டு ஓட்டங்களைப் பிரித்துக் காட்டினார். சிறையில் அடைபட்டவன் தன் வீட்டை நினைப்பதும் ஒரு தப்பித்தல். போர்முனையில் தன் தோழரைக் கைவிட்டு ஓடுவதும் ஒரு தப்பித்தல். இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பழிப்பது தவறு என்றார். சுவருக்கு வெளியே உலகம் ஒன்று உண்டு என்று கைதி நினைப்பதில் குற்றம் இல்லை. நல்ல கதைகள் நமக்கு மூன்று நன்மைகளைத் தருகின்றன என்றும் விளக்கினார்: பழகிப்போன பொருளைப் புதிதாகக் காணும் கண், சற்றே விடுதலை, ஆறுதல்.

முதலாவது நன்மையை நாமே சோதித்துப் பார்க்கலாம். மாயத் தீவின் ஏரியைப் பற்றிப் படித்தபின் நம் ஏரியைப் பாருங்கள். பனிக்காலத்தில் ஆழமில்லாத நீரில் வரிசையாக நிற்கும் பூநாரைகளும், ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து தீப்பிழம்போடு எழும் ராக்கெட்டும் எந்தக் கதைக்கும் குறைந்தவை அல்ல என்பது அப்போது விளங்கும்.

எச்சரிக்கை

ஆனாலும் பெரியவர்களின் அச்சத்தில் உண்மை இருக்கிறது. அதை ஒளிக்கக் கூடாது. காதற் கதைகளில் பெரும்பாலும் நாயகன் வந்து நாயகியின் துன்பமெல்லாம் தீர்த்து வைக்கிறான். திருமணத்தோடு கதை முடிகிறது. மறுநாள் அரிசி வாங்க யார் பணம் தருவார் என்று கதை சொல்வதில்லை. முரட்டுத்தனமும் அடக்குமுறையும் சில கதைகளில் அன்பின் அடையாளமாகக் காட்டப்படுகின்றன. இதை உண்மையென்று நம்பும் பெண், அறிமுகமில்லாத ஒருவன் கைப்பேசியில் இனிமையாகப் பேசினால் அவனையே கதாநாயகன் என்று எண்ணிவிடக் கூடும். பள்ளிப் படிப்பை நிறுத்தி இளவயதில் மணம் செய்துகொண்டு துன்பப்படுவோர் நம் கண்முன்னே உண்டு. 18 வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். கதையில் வரும் இளவரசிக்கு இந்தச் சட்டம் தேவைப்படாமல் இருக்கலாம்; நமக்குத் தேவை.

ஒளித்துப் படிப்பதிலும் பெரிய தீங்கு உண்டு. ஒளித்துப் படிக்கும் கதையைப் பற்றி யாரிடமும் கேட்க முடியாது. "அவன் அவளை அடித்தது சரியா அம்மா?" என்று கேட்க முடிந்த வீட்டில் எந்தக் கதையும் பெண்ணைக் கெடுத்துவிடாது. ஆகவே பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: புத்தகத்தைப் பிடுங்கி எறிவதற்கு முன் அதில் என்ன கதை என்று கேளுங்கள். மகள் சொல்லும் கதையிலிருந்து அவள் மனத்தின் பாரமும் உங்களுக்குத் தெரியவரும்.

நாம் செய்ய வேண்டியவை

1. வெளிப்படையாகப் படிப்போம். அம்மாவுக்கு முன் பிரிக்கக் கூசும் புத்தகத்தை ஏன் கூசுகிறோம் என்று நம்மையே கேட்போம்.

2. கடமை முடித்துப் படிப்போம். தேர்வுக் காலத்தில் புத்தகத்தை அக்காவிடமோ தோழியிடமோ கொடுத்து வைப்போம்.

3. ஒரு கற்பனைக் கதைக்கு ஒரு வேறு வகைப் புத்தகம் என்று மாற்றி மாற்றிப் படிப்போம். சோழர் கதை படித்தவள் சோழர் வரலாற்றையும் படிக்கட்டும்.

4. படித்த கதையைத் தோழியருக்குச் சொல்வோம். முடிவை மாற்றி நாமே எழுதிப் பார்ப்போம். தெரேசம்மாளும் கோதைநாயகி அம்மாளும் அப்படித்தான் தொடங்கினார்கள்.

5. நூலகத்தைத் தேடிப் போவோம். 1931ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார்கள். 1948ஆம் ஆண்டில் சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது நம் மாநிலம். அந்த உரிமையைப் பயன்படுத்துவது நம் கடமை.

6. மூடிய புத்தகத்துக்குப் பின் நம் மனத்தைச் சோதிப்போம். இஞ்ஞாசியாரின் அளவுகோல் எப்போதும் கையில் இருக்கட்டும்.

முடிவுரை

நம் ஆண்டவரும் உவமைகளாலே மக்களுக்குப் போதித்தார். களைத்தவர் மனத்துக்குள் கதை எளிதில் நுழையும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகையால் கற்பனைக் கதையில் ஆறுதல் தேடும் பெண்ணை யாரும் இகழ வேண்டாம். அவளுக்கு எங்கோ ஒரு பாரம் இருக்கிறது என்று அறிந்து பரிவு கொள்வோம். அந்த ஆறுதல் அவளை மீண்டும் வீட்டுக்கும் வகுப்புக்கும் தெம்போடு அனுப்பினால் அது நல்ல ஆறுதல். திரும்ப மனமில்லாமல் செய்தால், புத்தகத்தைச் சில நாள் அலமாரியில் வைத்துவிட்டு, மனத்தை அழுத்தும் துன்பம் எது என்று நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய நேரம் அது. தாயோ, ஆசிரியையோ, அருட்சகோதரியோ, உற்ற தோழியோ யாராயினும் சரி. பூங்குழலி நமக்குத் துணிவு தரலாம்; நம் கதையைக் கேட்டுக் கைகொடுப்பதற்கு அருகிலிருக்கும் மனிதர்களே வேண்டும். ஆகவே தோழியரே, நல்ல கதைகளைப் படிப்போம், படித்ததைப் பகிர்வோம், பத்தாம் வகுப்போடு நின்றுவிடாமல் மேலும் படிப்போம்!